பகல் 11 மணிக்கு அந்த வீட்டில் யார்?

மணவாள நகரில் சொந்த வீடு கட்டியிருக்கும் யாரிடமாவது "ஏன் இங்க வந்து மனை வாங்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும். "ஸ்டேஷன் பக்கம். கம்பெனி பஸ்ஸும் வரும்." திருவள்ளூர் ரயில் நிலையத்தின் தென்பக்கம், ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர் இது. சென்ட்ரலிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்திலேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர். அந்த ஆலைகளைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள், அந்தக் கம்பெனிகளுக்கு ஆட்கள், ஆட்களுக்கு மனைகள். என் அப்பா அப்படியொரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டர். 1999-ல் அரை கிரவுண்டு வாங்கினார்.

அந்தப் பதிலைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது காலையில் ஊரை விட்டுக் கிளம்புகிறவரின் பதில். ஸ்டேஷனும் பஸ்ஸும் ஊரை விட்டுப் போவதற்கான வசதிகள். அப்பா ஆறேகாலுக்கு பஸ் ஏறினால் ஓவர்டைம் முடித்து எட்டரைக்கு வருவார். பகல் முழுக்க அங்கே இருந்தது அம்மா. தெருவிளக்கு கிடையாது. பக்கத்து மனைகளில் எல்லைக்கல் மட்டும் நிற்கும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். காய்கறிக்குத் தண்டவாளத்தைத் தாண்டித் திருவள்ளூர் பக்கம் போக வேண்டும். "மொத ரெண்டு வருஷம் பேச ஆளே இல்ல. பால்காரர நிக்க வெச்சு கத பேசுவேன்" என்பாள். அப்பாவுக்கு மணவாள நகர் ஒரு பஸ் ஸ்டாப்பிங். அம்மாவுக்கு ஊரே அதுதான்.

அப்பா மேல் இது புகார் கிடையாது. போக வர மிச்சமான நேரம்தான் ஓவர்டைம், அந்த ஓவர்டைம்தான் என் இன்ஜினியரிங் ஃபீஸ். ஆனால் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், வாழ்பவர் இன்னொருவர் என்கிற ஏற்பாடு இருக்கிறதே, அது எங்கள் தெருவோடு நின்றுவிடுகிற சமாச்சாரம் இல்லை. விமானமும் ஏறும்.

இந்த வருஷ ஆரம்பத்தில் என் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். சிங்கப்பூர், மியூனிக், டொராண்டோ, மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மாற்றல் தருகிறோம், குடும்பத்தோடு போகலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று. எனக்கு முப்பத்தாறு வயது. மனைவி பிசியோதெரபிஸ்ட், திருவள்ளூரில் ஒரு கிளினிக்கில் வேலை. மகளுக்கு ஆறு வயது. அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. அம்மா எங்களோடு, அதே வீட்டில். அதாவது நாங்கள் அம்மாவோடு.

எங்களைப் போன்றவர்கள் இந்தக் கட்டத்தில் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எக்செல் ஷீட். முன்னாலேயே போன நண்பர்கள் நாலைந்து பேர் தங்கள் ஷீட்டை அனுப்பி வைத்தார்கள். வரி எவ்வளவு, வாடகை எவ்வளவு, அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம், பள்ளியின் ரேட்டிங், நிரந்தரக் குடியுரிமைக்கு எத்தனை வருஷம், இந்திய மளிகைக்கடை எத்தனை கிலோமீட்டர். ஒருத்தன் ஒவ்வொரு பத்திக்கும் எடை போட்டு, கடைசியில் ஒரே எண்ணாக வரும்படி ஃபார்முலா எழுதியிருந்தான். நானும் என் மனைவியும் அதில் உட்கார்ந்து எங்கள் எண்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, தலைப்பில் "பகல் 11 மணி" என்று அடித்தாள்.

"இதுல என்ன போடறது?" என்றேன்.

"நீங்க ஆபீஸ்ல. பாப்பா ஸ்கூல்ல. அந்த நேரத்துல வீட்ல யாரு இருக்காங்க, என்ன பண்றாங்க. அத எழுதுங்க."

மற்ற எல்லாப் பத்தியும் காலை எட்டுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் நடப்பதைப் பற்றியவை, அல்லது மாதக் கடைசியைப் பற்றியவை. பகல் என்று ஒன்று அவற்றில் எதிலும் இல்லை. அந்தப் பத்திக்கு எடை போட எனக்குத் தெரிந்த எந்த ஃபார்முலாவும் உதவவில்லை. மூன்று மாதமாக நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

நம் பழைய இலக்கணத்துக்கு இந்த விஷயம் பாதி தெரியும். ஆண் எதற்காகவெல்லாம் வீட்டை விட்டுப் பிரிவான் என்று தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது: படிக்க, போருக்கு, தூதுக்கு, பொருள் தேட. பொருள்வயிற் பிரிவு என்று அதற்கு ஒரு தனிப் பெயரே உண்டு. கடல் கடக்கும் பயணம் பெண்ணோடு சேர்ந்து கிடையாது என்றும் ஒரு நூற்பா சொல்கிறது. உரைகாரர்கள் அதற்கு வேறுவேறு விளக்கம் தருவார்கள், இருக்கட்டும். அவன் பாலையைக் கடந்து போவான், அவள் முல்லையில் காத்திருப்பாள். துயரம்தான், ஆனால் அவள் காத்திருப்பது அவளுடைய ஊரில். தோழி இருக்கிறாள், செவிலி இருக்கிறாள், திட்டுவதற்கு ஒரு தாய் இருக்கிறாள். அகப்பாடல்களில் தலைவி யாரோடாவது பேசிக்கொண்டேதான் இருக்கிறாள்.

இன்று நாம் அவளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அது முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? பாலையை இருவரும் சேர்ந்து கடக்கிறார்கள். அந்தப் பக்கம் போனதும் அவன் வேலைக்குப் போகிறான், அவள் முல்லையில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். தோழி இல்லாத முல்லை. பதினான்காவது மாடி, ஹீட்டர், வாட்ஸ்அப். இதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை. விசா ஆபீஸில் உண்டு: டிபெண்டன்ட்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில் வருகிற திரை உதாரணத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சமூகத்தில் நாம் யாராகப் பிறப்போம், பணக்காரனாகவா ஏழையாகவா என்பது தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதிகளைத் தேர்ந்தெடுத்தால் அவை நியாயமாக இருக்கும் என்பது அவர் வாதம். 1989-ல் சூசன் மோலர் ஓகின் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார். திரைக்குப் பின்னால் நிற்பவர்களை ரால்ஸ் குடும்பத் தலைவர்களாகவே பாவித்துக்கொண்டார், குடும்பத்துக்கு உள்ளே நியாயம் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை என்றார். கேட்டால் எளிமையாகத்தான் இருக்கிறது. நம் விஷயத்துக்கு அதைக் கொண்டுவந்தால் இப்படி ஆகும்: அந்த வெளிநாட்டு வீட்டில் நீ நீயாக இருப்பாயா, உன் மனைவியாகவா, ஆறு வயது மகளாகவா, அறுபத்து மூன்று வயது அம்மாவாகவா என்று தெரியாமல் வீட்டைத் தேர்ந்தெடு. அப்போது அலுவலகம் 20 நிமிடத் தூரம் என்கிற பத்திக்கு எவ்வளவு எடை போடுவாய்? நான்கில் ஒரு பங்குதான் போடலாம். மகளுக்கும் அம்மாவுக்கும் உன் அலுவலகம் எங்கே இருந்தால் என்ன?

ஓகின் இன்னொன்றும் செய்தார். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் சொன்ன ஒரு கருத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு அமைப்பில் வெளியேறிப் போக வழி உள்ளவனுடைய பேச்சுக்குத்தான் மதிப்பு. போக முடியாதவள் எவ்வளவு கத்தினாலும் அது முணுமுணுப்புதான். கல்யாணத்தில் யாருக்கு வெளியே வாழ்க்கை சுலபமோ அவர் குரல் உள்ளேயும் ஓங்கும். நம் பாட்டிகளுக்கு இது தத்துவ நூல் படிக்காமலே தெரியும். "கையில நாலு காசு வெச்சுக்கோடி" என்று பெண்ணுக்குச் சொல்வது வேறென்ன?

நாடு மாறும்போது இந்த வெளியேறும் வழியை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். கணவனோ மனைவியோ இல்லை, குடிவரவுச் சட்டம். சிங்கப்பூரில் 2021 மே மாதத்துக்கு முன் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். அதன் பிறகு பொதுவாக அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். அமெரிக்காவில் எச்-4 விசாவில் போன மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு வேலை செய்யும் உரிமை கிடைத்ததே 2015-ல்தான், அதுவும் கணவனின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால். ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு வேலை செய்யத் தடையில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்டாகப் பதிவு செய்ய ஜெர்மன் மொழி பேசும் தேர்ச்சி வேண்டும். கனடா 2025 ஜனவரியில் துணைவர்களுக்கான திறந்த வேலை அனுமதியைச் சுருக்கியது. என் மாதிரி வேலையில் இருப்பவர்களின் துணைக்கு இன்னும் உண்டு. அங்கேயும் என் மனைவி தேர்வு எழுதித்தான் தன் தொழிலைத் திரும்பப் பெற முடியும், ஆனால் அதுவரை வேறு ஏதாவது வேலைக்குப் போகலாம். எனவே எந்த நாடு என்கிற கேள்வி, மனைவியின் பேச்சுக்கு வீட்டில் எவ்வளவு எடை இருக்கும் என்கிற கேள்வியும்தான். வரி விகிதத்தை மூன்று தசம இடம் வரை கணக்குப் போட்ட நண்பர்களின் ஷீட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

இதற்கு நேரெதிரான ஏற்பாட்டைப் பார்க்க நாங்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. எங்கள் சாலையிலேயே தினமும் போகிறது. ஹூண்டாய் வந்ததிலிருந்து கொரியர்களும், மற்ற ஆலைகளுக்கு ஜப்பானியர்களும் குடும்பத்தோடு வந்து இந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கொரிய உணவகம் இருக்கிறது, விடுதி இருக்கிறது. ஆனால் அங்கே தங்குவது பெரும்பாலும் தனி ஆட்கள். குடும்பமாக வந்தவர்கள் சென்னையில் வீடு எடுக்கிறார்கள். பிள்ளைகள் தரமணி அமெரிக்கப் பள்ளி மாதிரி ஏதாவது சர்வதேசப் பள்ளிக்குப் போவார்கள், மனைவிக்கு நகரம், கூட நாலு கொரியக் குடும்பம். கணவன் காரில் பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டே போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. டிரைவர் வைத்த காரும் கம்பெனி தரும் வாடகைப் பணமும் இருக்கிறவர்களுக்கு இது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனாலும் தூரத்தை யார் சுமப்பது என்கிற கேள்விக்கு அவர்கள் சொல்கிற பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பளம் யாருக்கு வருகிறதோ, பயணக் களைப்பும் அவருக்கே. அப்பாவின் தலைமுறைக்கு அந்தப் பதில் கைக்கெட்டவில்லை. எனக்கு எட்டும்.

இனி, "நல்ல ஏரியா". வெளிநாட்டு வீடு பற்றி யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் இந்தச் சொல் வந்துவிடும். நல்ல ஏரியா என்றால் நல்ல பள்ளி, நல்ல பள்ளி என்றால் நல்ல ரேட்டிங். அமெரிக்காவில் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்துவரியிலிருந்து வருகிறது. விலை உயர்ந்த வீடுகள் இருக்கிற இடத்தில் பள்ளிக்கும் பணம். இது நியாயமா என்று டெக்சாஸ் பெற்றோர்கள் வழக்குப் போட்டு, 1973-ல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்றது. சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளியில் இடத்துக்குப் போட்டி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. ஒன்டாரியோவில் 1998 முதல் மாகாண அரசே மாணவர் கணக்கில் பணம் தருகிறது, வீட்டு விலைக்கும் பள்ளிப் பணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் தரவரிசைப் பட்டியல் வந்துகொண்டுதான் இருக்கிறது, மக்கள் அதைப் பார்த்துத்தான் வீடு மாறுகிறார்கள்.

இந்த "நல்ல ஏரியா" மொழி நமக்கு எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. போய் இறங்கிய ஆறாவது மாதத்திலேயே எந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று நம் ஆட்கள் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். பயிற்சி அங்கே கிடைத்ததில்லை. ஊர் என்றும் காலனி என்றும் பிரித்து வைத்த இடத்திலிருந்து போகிறோம். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில்தான் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மணவாள நகரிலும் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்குத் தனி வீடு தரமாட்டார்கள். பின்பக்கம் வரிசையாகத் தகர ஷெட் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவார்கள். அதே வீட்டுக்காரரின் மகன் சிங்கப்பூரில் வீடு தேடும்போது "இந்தியர்கள் வேண்டாம்" என்று வாடகை விளம்பரத்தில் பார்த்துக் கொதித்துப்போவான். கொதிக்க வேண்டியதுதான். ஊருக்கு போன் போட்டு அப்பாவிடமும் கொஞ்சம் கொதிக்கலாம்.

தாமஸ் ஷெல்லிங் 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். சதுரங்கப் பலகையும் இரண்டு வகை நாணயமும் போதும் அதைச் செய்து பார்க்க. ஒவ்வொரு நாணயமும் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: என்னைச் சுற்றி இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது என் வகையாக இருக்கட்டும். யாருக்கும் யார் மேலும் வெறுப்பில்லை. திருப்தி இல்லாத நாணயம் நகர்ந்து போகலாம். நான் இதை பைத்தானில் எழுதி ஓட்டிப் பார்த்தேன், ஐம்பது வரி வரவில்லை. சில சுற்றுகளிலேயே பலகை பெரும் திட்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொருவரும் எடுத்தது சாதுவான முடிவு, சேர்ந்து வந்தது சேரி. சிங்கப்பூர் அரசு இதைத் தடுக்க 1989-ல் ஒவ்வொரு அரசுக் குடியிருப்பு அடுக்கிலும் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் வீடு வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது. அதனால் இந்தியர்கள் வீட்டை விற்க ஆள் கிடைக்காமல் குறைந்த விலைக்குத் தள்ள நேர்கிறது என்ற புகாரும் நெடுநாளாக உண்டு. தானாக நடக்க விட்டால் திட்டுகள், அரசு தலையிட்டால் சிறுபான்மைக்கு விலை. இரண்டில் எது மேல் என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வீடு பார்க்கும்போது நானும் பலகையில் ஒரு நாணயம் என்பது தெரிகிறது.

அப்படியானால் நம் ஆட்கள் இருக்கும் இடத்தைத் தவிர்ப்பதுதான் நல்ல மனிதனுக்கு அழகா? படித்த நண்பர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். "அவ்ளோ தூரம் போயும் நம்மாளுங்க நடுவுலயா? அதுக்கு மணவாள நகர்லயே இருக்கலாமே மச்சி." இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பகலில் வீட்டில் இல்லாதவர்கள். அவர்களுக்கு அலுவலகம் முழுக்க உலகம். வீட்டைச் சுற்றியும் உலகமே இருக்கட்டும் என்பது அவர்களுக்கு அழகியல். பகல் 11 மணிக்கு வீட்டில் இருப்பவளுக்கு, தன் மொழியில் இரண்டு வார்த்தை பேச ஒருத்தி கீழ்த்தளத்தில் இருக்கிறாளா என்பது மூச்சு விடுகிற விஷயம்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். ஜூலை 1983-க்குப் பிறகு உயிர் தப்பி, மேற்கு ஜெர்மனி வழியாக வந்தவர்கள். கையில் அனுமதி கிடைத்ததும் அவர்களில் பெரும்பாலோர் போனது மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும். பள்ளி ரேட்டிங்கையா பார்த்திருப்பார்கள்? அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதைத்தான். டொராண்டோ நகர மையத்தின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஆரம்பித்து, காசு கொஞ்சம் சேர்ந்ததும் ஸ்கார்பரோ, இன்னும் சேர்ந்ததும் மார்க்கம், ஏஜாக்ஸ் என்று ஒரு சமூகமே இடம் பெயர்ந்திருக்கிறது. கோயில், மளிகைக்கடை, இடியாப்பம், பள்ளிக்கூடத்தில் தமிழ் எல்லாம் வந்தது அதற்குப் பிறகு. இன்று என்னைப் போல ஒருவன் வேலை அனுமதியோடு போய் இறங்கி "இங்கே எல்லாம் கிடைக்கிறதே" என்று சொல்வது, வேறு வழியில்லாதவர்கள் போட்டு வைத்த பாதையில் நடந்துகொண்டே. அதை மட்டமாகப் பேசுவது நன்றிகெட்டதனம்.

வேறு வழியில்லாதவர்கள் என்றதும் எங்கள் மாவட்டத்தின் இன்னொரு மூலை நினைவுக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் இருக்கிறது, இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக. 2021-ல் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டவர்கள். அந்த ஆண்டிலிருந்து பெயர் மறுவாழ்வு முகாம். குடும்பத்தோடு நாடு மாறி வந்தவர்கள் இவர்களும்தான். எந்த ஊர் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மண்டபத்தில் பதிவு, அங்கிருந்து ஒரு பஸ், அந்த பஸ் நின்ற இடம் கும்மிடிப்பூண்டி.

என்னோடு இன்ஜினியரிங் படித்த ஒருவன் அங்கே பிறந்தவன். பெயர் வேண்டாம். இந்திய மண்ணில் பிறந்தாலும், 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவனுக்கு இல்லை. அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை. எங்கள் பேட்சில் நிரல் எழுதுவதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறான். வெளிநாட்டு மாற்றல் பேச்சு வரும்போதெல்லாம் நைசாக நழுவி வருவான். மூன்று நாடு, எக்செல் ஷீட் என்று நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சிரித்தான். "உனக்கு எங்க போறதுன்னு கொழப்பம். எனக்குக் கேள்வியே இன்னும் வரல மச்சான்." பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அவன் அம்மா முகாமில் சேலை ஜாக்கெட் தைப்பவர். "ஊருக்கே திரும்பிப் போயிருவமா" என்று போருக்குப் பிறகு பேச்சு வந்தபோது வேண்டாம் என்று நின்றது அவர்தானாம். அப்பாவுக்கு இன்னும் மன்னார்தான் ஊர். அம்மாவுக்கு, சுற்றி நூறு வீட்டுப் பெண்களின் அளவு மனப்பாடம். விருப்பப்பட்டு வராத இடத்திலும் பகல் முழுக்க இருந்தவர் அதை ஊராக்கிக்கொள்கிறார். இதைக் காட்டி முகாமை நியாயப்படுத்த முடியாது. பத்தடிக்குப் பத்தடி அறையில் இரண்டு தலைமுறையை வைத்திருப்பதற்கு எந்தத் தையல் மெஷினும் பதில் ஆகாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நாடு தேர்ந்தெடுப்பதில் யாரும் வாய்விட்டுப் பேசாத பகுதி இது. ஆஸ்திரேலியாவில் கூடுதல் பணம் கட்டாத பெற்றோர் விசாவுக்கு இன்று வரிசையில் நின்றால் 30 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அரசாங்கமே சொல்கிறது. அறுபத்து மூன்று வயதுக்காரருக்கு அது பதில் இல்லை, கேலி. பிரிட்டன் 2012-ல் வயதான பெற்றோரை வரவழைக்கும் விதியை ஏறக்குறைய யாராலும் நிறைவேற்ற முடியாதபடி இறுக்கியது. சிங்கப்பூரில் மாதம் 12,000 டாலர் சம்பளம் இருந்தால் பெற்றோரை நீண்ட நாள் தங்க வைக்கலாம். எனக்குக் கிடைக்கப்போவது அதற்குக் கீழே. ஜெர்மனி 2024 மார்ச் முதல் திறன்மிகு பணியாளர்களின் பெற்றோரை அனுமதிக்கிறது, ஆனால் அந்த வயதில் மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். கனடாவில் நிரந்தரக் குடியுரிமை வந்த பிறகு சூப்பர் விசா, ஒரு தடவை வந்தால் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். அதுவரை சுற்றுலா விசாதான்.

அம்மாவிடமே கேட்டேன். "எனக்கு எந்த ஊரா இருந்தா என்னடா. வாசல்ல உக்காந்தா போற வர நாலு பேரு தெரியணும்" என்றாள். ஸ்கார்பரோ என்று நான் ஆரம்பித்ததும் மனைவி குறுக்கே வந்தாள். "அத்தை, அங்க ஜனவரில வாசல்ல உக்கார முடியாது. எழுந்திருக்கவும் முடியாது, ஒறஞ்சு போயிருவீங்க." அம்மா அதற்குச் சிரித்துவிட்டு, "அப்ப நீங்க போங்க. நான் பனி உருகினதும் வரேன்" என்றாள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அது ஒரு திட்டம் மாதிரியே இருந்தது. ஏப்ரல் வெயிலில் கிளம்பி ஐப்பசி மழைக்குத் திரும்பி வருவது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறோம். டொராண்டோ என்று முடிவாகியிருக்கிறது. மணவாள நகர் வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதும் இல்லை. கீழே போர்ஷனில் என் சித்தி குடிவருகிறார். அப்பா போட்டு வைத்த ஃபிக்ஸட் டெபாசிட்டிலிருந்து மூன்று பேருக்குத் திரும்பி வர டிக்கெட்டும், இங்கே ஒரு வருஷம் ஓட்டுவதற்கான பணமும் மனைவியின் பெயரில் தனிக் கணக்கில் போட்டாயிற்று. அவள் என்னைக் கேட்காமல் எடுக்கலாம். ஹிர்ஷ்மனுக்கு ஒரு கும்பிடு. "இது என்ன, டைவர்ஸ் ஃபண்டா?" என்று என் மாமனார் கேட்டார். இல்லை மாமா, இது அவளோட பேச்சுக்கு வால்யூம் என்று சொன்னேன், அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

வீடியோவில் மூன்று வீடு பார்த்தோம். நகர மையத்தில் ஒன்று, அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். நடுவில் ஒன்று. ஸ்கார்பரோவில் ஒன்று, அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையை 2023-ல் ஒரு பெட்டி தடம்புரண்ட பிறகு நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இப்போது பஸ் பிடித்து, சப்வே பிடித்துப் போக வேண்டும். மணவாள நகரிலிருந்து அம்பத்தூர் போய் வரும் எனக்கு இதொன்றும் புதிதில்லை. ஸ்கார்பரோ வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் பொது நூலகம் இருக்கிறது, தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, வெயில் நாளில் உட்கார வெளியே பெஞ்சு உண்டு. தேர்வுக்குப் படிக்கப் பகலில் ஒரு மேஜை கிடைக்குமா என்று மனைவி அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டாள். தாராளமாக வாருங்கள் என்று பதில் வந்தது. ஷீட்டில் அந்தக் கட்டத்தில் "மேஜை" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை வீரராகவர் கோயில் குளத்துக்குப் போய் வருகிறவள். "அங்க இருக்கும்போது நம்ம ஊர் அமாவாசய வெச்சுக்கணுமா, அந்த ஊர் அமாவாசயா? மணி பத்தர தள்ளிப் போவுதுன்றியே" என்று நேற்றும் கேட்டாள். கோடைக்காலத்தில் ஒன்பதரை மணி நேரம்தான் வித்தியாசம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். குருக்களைக் கேட்கப் போகிறாளாம்.